குளத்து மீனுக்கு இரண்டு பெயர்

கொல்கத்தாவில் வாழும் தமிழ் மக்களுக்கு இந்நகரின் நீர்நிலைகள் புதியன அல்ல. தென்பகுதியில் லேக் மார்க்கெட்டைச் சுற்றியும் ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டியும் நம்மவர் பல தலைமுறைகளாகக் குடியிருந்து வருகின்றனர். அங்கிருந்து நடந்து செல்லும் தூரத்தில் இருப்பது ரவீந்திர சரோவர். 1920-களில் கல்கத்தா நகர அபிவிருத்தி டிரஸ்டு சதுப்பு நிலத்தை எடுத்து, வெட்டி, கரையமைத்து உண்டாக்கிய ஏரி அது. முன்னர் டாகுரியா ஏரி என்று வழங்கியதற்கு 1958-ஆம் ஆண்டில் கவியரசர் தாகூரின் பெயரைச் சூட்டினர். சோலையும் நீருமாக ஏறத்தாழ 192 ஏக்கர் பரப்புள்ள அவ்விடத்தில் 73 ஏக்கர் நீர்ப்பரப்பு.

காலையில் அங்கே உலாவச் செல்லும் நம் பெரியவர்கள் கரையிலுள்ள மரங்களைப் பெயர் சொல்லி அழைப்பர். பறவைகளிலும் மீன்கொத்தியையும் நீர்க்காகத்தையும் கொக்கையும் அறிவர். ஆனால் நீருக்குள் ஏதேனும் ஒன்று வாலைச் சுழற்றி மறையும்பொழுது, "தாத்தா, அது என்ன மீன்?" என்று பேரன் கேட்டால், "ஏதோ மீன், குழந்தாய்" என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கிறது. நிலத்தின் மேலுள்ளவற்றுக்கெல்லாம் பெயர் உண்டு; நீருக்குள் இருப்பவை யாவும் "ஏதோ மீன்"!

இது சிறிய குறைபோலத் தோன்றலாம். ஆனால் நாம் குடியேறி வாழும் ஊரில், நம் கண்முன்னேயே, சில உயிரினங்கள் குறைந்தும் வேறு சில பெருகியும் வருகின்றன. பெயர் அறியாதவனுக்கு இந்த மாற்றம் தெரிவதே இல்லை. நேற்றுவரை பத்து வகை மீன் இருந்த குளத்தில் இன்று இரண்டு வகையே எஞ்சியிருந்தாலும், அவன் கண்ணுக்கு அது மீன் நிறைந்த குளமாகவே தோன்றும். ஆகவே மீனை இனம் காணப் பழகுவது பொழுதுபோக்கு மட்டுமன்று. இருக்கும் இடத்தை அறிந்து வாழ்வதன் தொடக்கமும் ஆகும்.

நம்முள் புலால் உண்ணாத குடும்பங்கள் பல. அவர்கள் இக்கட்டுரையை ஒதுக்கிவிட வேண்டா. பறவையைப் பார்ப்பவன் பறவையை உண்ண வேண்டுவதில்லை. மீனைப் பார்ப்பவனுக்கும் அவ்வாறே. இங்கே சொல்லப்போவதற்கு வலையும் வேண்டா, தூண்டிலும் வேண்டா. பொறுமையும் ஒரு குறிப்புப் புத்தகமும் போதும்.

பார்க்கும் முறை

மீனைக் காண ஏற்ற வேளை காலை ஏழு மணி முதல் ஒன்பது வரையிலும், மாலையில் வெயில் சாயும் நேரமுமாகும். கதிரவன் முதுகுப்புறம் இருக்குமாறு நிற்க வேண்டும். ஆனால் நம் நிழல் நீர்மேல் விழலாகாது. நிழல் விழுந்த மாத்திரத்தில் மீன் கலைந்து ஓடும். மீன்கொத்தியும் கொக்கும் அதன் பகை. மேலிருந்து வரும் நிழலுக்கு அஞ்சுவதை அது பிறவியிலேயே கற்றிருக்கிறது. படித்துறையின் கடைசிப் படியில் அசையாமல் ஐந்து நிமிடம் அமர்ந்திருந்தால், ஓடியவை திரும்பி வரும். நீரின் கண்கூச்சத்தை அடக்கும் குளிர்கண்ணாடி ஒன்று இருந்தால் இரண்டடி ஆழம் வரை தெளிவாகத் தெரியும்.

மீன் ஒன்று கண்ணில் பட்டவுடன் அதன் நிறத்தை மட்டும் நினைவில் கொள்வது பயனற்றது. நிறம் நீரின் கலங்கலையும் பருவத்தையும் பொறுத்து மாறும். மாறாத அடையாளங்களைக் கேள்வி கேட்டு அறிய வேண்டும். வாய் மேல்நோக்கி இருக்கிறதா, முன்னோக்கியா, கீழ்நோக்கியா? வாயருகே மீசை உண்டா? உண்டெனில் எத்தனை இணை? உடம்பில் செதில் உண்டா, வழுவழுப்பான தோலா? முதுகுத் துடுப்பு ஒன்றா, இரண்டா, நெடியதா, குறுகியதா? வால் பிளவுபட்டதா, வட்டமானதா? கரும்புள்ளி இருந்தால் அது எந்த இடத்தில்? இறுதியாக, மீன் நீரின் மேற்பரப்பில் இருக்கிறதா, நடுவிலா, அடியிலா? இவ்வேழு கேள்விகளுக்கும் விடை எழுதிக்கொண்டால் பெயர் தானே வந்து சேரும்.

மூன்று மாடி வீடு

குளம் என்பது மூன்று மாடி வீட்டைப் போன்றது. வங்காளத்தின் பெயர்பெற்ற மூன்று பெருங்கெண்டைகளைக் கொண்டே இதனை விளக்கலாம்.

மேல்மாடியில் குடியிருப்பது காத்லா. தலை பெரிது, உடல் அகன்றது, வாய் வானத்தை நோக்கி விரிந்திருக்கும், மீசை இல்லை. நீரின் மேற்பரப்பில் மிதக்கும் நுண்ணுயிர்களை அள்ளி உண்பதற்கு ஏற்ற வாய் அது. நடுமாடியில் இருப்பது ருயி. நாம் ரோகு என்பது இதனையே. தலை சிறிது, வாய் சற்றே கீழ்நோக்கியது, உதடு தொங்கல் வைத்துத் தைத்ததுபோல் ஓரத்தில் சுருக்கம் உடையது, நுண்ணிய மீசை ஓர் இணை. அடித்தளத்தில் மேய்வது மிருகேல். உடல் ஒடுங்கி நீண்டது, உதடு மெல்லியது, மூக்கு நுனியருகே குறுமீசை ஓர் இணை. இவற்றோடு காலபோஸ் என்னும் நான்காமவனையும் சேர்த்துக்கொள்ளலாம். கரிய மேனியும் இரண்டு இணை மீசையும் அதனைக் காட்டிக்கொடுக்கும்.

மூவரும் ஒரே குளத்தில் வாழ்ந்தும் உணவுக்காகச் சண்டையிடுவது அரிது. ஒவ்வொருவரும் தத்தம் மாடியிலேயே உண்கின்றனர். ஒரே குளத்தில் மூன்றையும் சேர்த்து வளர்க்கும் வங்க உழவரின் வழக்கம் இந்த உண்மையின்மேல் எழுந்ததே. மீனின் வாயைப் பார்த்தே அதன் மாடியைச் சொல்லிவிடலாம் என்பது சிறுவர்கள் விரும்பிக் கற்கும் பாடமாகும்.

சிறு மீன்கள்

பெருமீன்களைக் காட்டிலும் படித்துறையில் நமக்கு எளிதில் காட்சி தருவன சிறுமீன்களே. வங்காளியர் புட்டி என்பது நம் கெண்டை இனத்தைச் சேர்ந்த விரலளவு மீன். அதிலும் இருவகையைப் பிரித்தறியலாம். ஒன்றற்கு வாலின் அடியில் ஒரு கரும்புள்ளியும், முதுகுத் துடுப்பின் அடியில் மற்றொன்றும் இருக்கும். தித்புட்டி எனப்படும் மற்றொன்றற்கு ஒரு புள்ளி செவுளை அடுத்தும், இன்னொன்று வாலுக்குச் சற்று முன்னும் அமைந்திருக்கும். புள்ளி இருக்கும் இடமே பெயரைச் சொல்லும்.

மௌரலா என்பது பக்கவாட்டில் வெள்ளிப் பட்டை ஓடும் சிறுமீன். அதன் கண்ணிலும் குடலிலும் உயிர்ச்சத்து ஏ மிகுதியாக இருப்பதால், தலையோடு முழுமையாக உண்ணும் ஏழை மக்களுக்கு அது கண்ணைக் காக்கும் மருந்தாக இருந்து வந்திருக்கிறது. சாந்தா என்பது கண்ணாடி போன்றது. உடலுக்குள்ளிருக்கும் முள்ளெலும்பை வெளியிலிருந்தே எண்ணலாம். பிற மீன்களின் செதிலைக் கடித்துத் தின்னும் குறும்பும் அதற்கு உண்டு. காங்கிலே, ஊசிபோல் நீண்ட அலகுடன் மேற்பரப்பில் குச்சியெனக் கிடக்கும். சிறுமீன் அருகே வந்ததும் அம்பெனப் பாயும்.

இவை எல்லாவற்றிலும் எளிதாகக் காணத்தக்கது தேசோகா. "மூன்று கண்ணுடையது" என்பது அச்சொல்லின் பொருள். மேலிருந்து நோக்கினால் அதன் உச்சந்தலையில் வெண்பொட்டு ஒன்று மின்னும். சிறிய இம்மீன் கரையோரத்து நீரின் மேல் ஓட்டிலேயே திரிந்து கொசுப்புழுக்களை உண்ணும். முக்கண்ணன் ஒருவன் நம் தெருக்குளத்தைக் காவல் காக்கிறான் என்று குழந்தைகளுக்குச் சொல்லலாம்.

காற்றை உண்ணும் மீன்கள்

குளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால், ஒரு மீன் திடீரென மேலே வந்து, "களக்" என்ற ஒலியுடன் ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு உள்ளே மறைவதைக் காணலாம். செவுளால் நீரிலிருந்து பெறும் உயிர்வளி போதாமல், காற்றையும் நேராக மூச்சு வாங்கும் மீன்கள் இவை. கோயி, சிங்கி, மாகூர், ஷோல், லேட்டா என்று இங்கே சந்தையில் உயிரோடு விற்பனவெல்லாம் இக்கூட்டத்தைச் சேர்ந்தவையே. ஈரம் இருந்தால் நீருக்கு வெளியிலும் நெடுநேரம் உயிர் வாழ்வதால்தான் அவற்றை அலுமினியப் பாத்திரத்தில் சிறிதளவு நீரிலேயே வைத்து விற்க முடிகிறது.

இங்கேதான் தமிழ் வாசகருக்கு ஒரு மகிழ்ச்சி காத்திருக்கிறது. இவற்றுட் பல நமக்கு வேற்றார் அல்லர்; பெயர் மட்டுமே வேறு. வங்காளியரின் ஷோல் நம் விரால். பழைய நூல்களில் வரால். லேட்டா நம் குரவை. சிங்கி நம் தேளி. அதன் பக்கத் துடுப்பிலுள்ள நச்சு முள் குத்தினால் ஏற்படும் வலி, தேளை நினைவூட்டத் தவறாது. போயால் நம் வாளை. டேங்ரா நம் கெளிற்றின் இனம். செதிலற்ற தோலும் நான்கு இணை மீசையும் உடையது. பேலே என்று அடிமணலில் படுத்திருப்பது நம் உளுவை. பாங்கால் என்றும் பாயின் என்றும் இங்கே சொல்லப்படும் பாம்பு வடிவ மீன்கள் நம் ஆரலின் குலம். ஓடுகின்ற நீரில் ஆரலைப் பார்த்து நின்ற குருகு ஒன்றைக் குறுந்தொகையிலே கபிலர் ஒரு களவுக் காதலுக்குச் சாட்சியாக்கினார். அந்த ஆரலின் உறவினர் கொல்கத்தாவின் சேற்றிலும் வாழ்கின்றனர். அவர்களைப் பார்த்து நிற்கும் குருகும் இங்கே உண்டு.

கோயி மீனின் வரலாறு இன்னும் சுவையானது. நம் நாட்டில் அதற்குப் பனையேறிக் கெண்டை என்று பெயர். தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்த காலத்தில், டால்டார்ஃப் என்னும் டேனிய இராணுவ அதிகாரி 1791-ஆம் ஆண்டு நவம்பரில், குளக்கரைப் பனைமரத்தின் பட்டைப் பிளவில் இம்மீன் ஒன்று ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாகக் குறித்தார். அவர் எழுதியது 1797-இல் லண்டன் லின்னேயன் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. பனையின் உச்சிவரை அது ஏறிவிடும் என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டுவதில்லை. ஆனால் மழைபெய்து தரை நனைந்திருக்கும்பொழுது, செவுள்மூடியின் முட்களைத் தரையில் ஊன்றி, உடலை அசைத்து, ஒரு குளத்திலிருந்து மற்றொரு குளத்துக்கு ஊர்ந்து செல்வது உண்மையே. தரங்கம்பாடியில் உலகப் புகழ்பெற்ற அம்மீனின் உறவினர்தாம் லேக் மார்க்கெட்டின் பாத்திரத்தில் துள்ளுவதும்.

விராலையும் குரவையையும் காண விரும்புவோர் மழைக்காலத்தில் பாசி படர்ந்த ஓரங்களை நோக்க வேண்டும். செந்நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் பந்துபோல் திரண்டு, கொதிக்கும் பாலைப்போல் நீர்மேல் புரண்டு கொண்டிருந்தால் அது விராலின் குடும்பம். தாயும் தந்தையும் அடியில் நின்று காவல் காக்கும். தவளையோ வேறு மீனோ நெருங்கினால் சீறிப் பாயும். அந்தப் பந்தைக் கல்லெறிந்து கலைக்காமல் பார்த்து மகிழும்படி நம் குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டும்.

ஊரார் சொன்ன பெயர் உலகப் பெயரானது

மீன்களின் பெயரை ஊராரிடம் கேட்டு எழுதுவது இழிவான செயலன்று. அறிவியலே அவ்வாறுதான் வளர்ந்தது. பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் 1800-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடம், மலையாள நாடுகளைச் சுற்றிப் பார்த்து எழுதினார். பின்னர் வங்காளத்தில் பல ஆண்டுகள் பயணம் செய்து, கங்கையிலும் அதன் கிளைகளிலும் உள்ள மீன்களைப் பற்றிய பெருநூலை 1822-இல் வெளியிட்டார். ஹாமில்டன் என்ற பெயரும் அவருக்கு உண்டு.

அவர் புதிதாக இனம் கண்ட மீன்களுக்குப் பெயர் தேடிக் கிரேக்க மொழிக்கோ இலத்தீனுக்கோ ஓடவில்லை. மீனவர் சொன்ன பெயர்களையே பெரும்பாலும் வைத்தார். ரோகிதா, காத்லா, மிருகலா, காலபாசு, மோலா, டெங்காரா, பாப்தா, சிதலா, கான்சிலா என்னும் பெயர்கள் இன்றும் உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களில் வழங்குகின்றன. புட்டி என்ற சொல்லும் பன்டியஸ் என்று உருமாறி ஒரு பேரினத்தின் பெயராயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத வங்க மீனவனின் வாய்ச்சொல் உலக அறிவியலின் சொல்லாக நிலைத்தது எத்துணைச் சிறப்பு!

அவருக்குப் பின், சென்னை மாகாணத்தில் மருத்துவப் பணிபுரிந்த பிரான்சிஸ் டே என்பவர் 1875 முதல் 1878 வரை இந்திய மீன்களைப் பற்றிய நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். ஒவ்வொரு மீனின் கீழும் தமிழ், தெலுங்கு, வங்காளம் முதலிய மொழிகளில் அவருக்குக் கிடைத்த பெயர்களையும் தொகுத்துக் கொடுத்தார். நம் குழந்தைகள் செய்ய வேண்டும் என்று நாம் விரும்பும் இருமொழிப் பட்டியலுக்கு அந்நூல் முன்மாதிரியாகும். இந்திய விலங்கியல் மதிப்பாய்வு நிறுவனம் 1916-இல் இந்நகரிலே தோன்றியதும், மீனியல் அறிஞர் சுந்தர் லால் ஹோரா அதன் இயக்குநராய் விளங்கியதும் நாம் குடியிருக்கும் ஊருக்குரிய பெருமைகள்.

ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ஊர்ப் பெயர்கள் எல்லாம் ஒரே அளவில் நுட்பமானவை அல்ல. தமிழில் கெண்டை என்பது தனி ஒரு மீனின் பெயரன்று. ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். ஒரே மீனுக்குத் தஞ்சையில் ஒரு பெயரும் நெல்லையில் வேறொரு பெயரும் இருத்தல் கூடும். ஆகையால் பெயரோடு அடையாளத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மீன்களிலும் குடியேறியவர் உண்டு

நாம் தெற்கிலிருந்து இங்கு வந்தோம். இங்கிருந்து தெற்கே சென்று குடியேறியவையும் உண்டு. காத்லாவும் ரோகுவும் மிருகேலும் கங்கைச் சமவெளிக்குரிய மீன்கள். பிற்காலத்தில் அவற்றைக் கொண்டுபோய்த் தமிழ்நாட்டு நீர்த்தேக்கங்களிலும் ஏரிகளிலும் விட்டு வளர்த்தனர். விராலுக்கும் வாளைக்கும் சங்க நூல்களிலேயே பெயர் இருக்க, தமிழ்நாட்டுச் சந்தையில் கட்லா, ரோகு, மிர்கால் என்பவை வடநாட்டுப் பெயராலேயே விற்பதன் காரணம் இதுவே. வந்த இடத்தில் நிலைபெற்றும் பிறந்த இடத்துப் பெயரை விடாமல் வைத்திருக்கின்றன அவை.

அவற்றின் பரவலுக்கு உதவிய ஒரு கண்டுபிடிப்பையும் கூற வேண்டும். இப்பெருங்கெண்டைகள் தேங்கிய குளத்தில் முட்டையிடுவதில்லை. மழைவெள்ளம் புரளும் ஆற்றில்தான் இடும். ஆகவே குஞ்சுகளை ஆற்றிலிருந்து வாரி, மண்பானையில் சுமந்து செல்வதே வழக்கமாயிருந்தது. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள், ஒடிசாவில் ஹீராலால் சௌதுரியும் அலிக்குஞ்ஞியும் மீனின் மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசியால் செலுத்தி, அவற்றைக் கட்டுப்பாட்டிலேயே முட்டையிடச் செய்தனர். அந்நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஆனால் குடியேற்றம் யாவும் நன்மையாக முடிவதில்லை. திலாப்பியா, அதாவது நாம் ஜிலேபி என்பது, ஆப்பிரிக்காவுக்குரியது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. முதுகில் முன்பாதி முள்ளும் பின்பாதி மென்மையுமாக ஒரே நீண்ட துடுப்பு. உடலின் பக்கக்கோடு நடுவில் அறுந்து இரண்டாக ஓடும். கரையோரத்து ஆழமற்ற நீரில் தட்டுப்போல் வட்டக் குழிகள் வரிசையாகத் தென்பட்டால், அவை ஆண் திலாப்பியா தோண்டிய கூடுகள். தாய், முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பதாலும், ஆண்டில் பலமுறை ஈனுவதாலும், அது மிக விரைவில் பெருகி, புட்டி, மௌரலா போன்றவற்றின் உணவையும் இடத்தையும் பறித்துக்கொள்கிறது.

வெள்ளிக் கெண்டையும் புல்கெண்டையும் 1959-இல் வெளிநாட்டிலிருந்து வந்தவை. ஆப்பிரிக்க மாகூர் அதனினும் கொடியது. கண்டதையெல்லாம் உண்ணும் அம்மீனை வளர்ப்பதற்கு 2000-ஆம் ஆண்டில் மைய அரசு தடை விதித்தும், களவாக வளர்ப்பது முற்றும் ஒழியவில்லை.

அண்மைக் காலத்தில் பெருகியுள்ள மற்றொன்று, கவசம்போன்ற முரட்டு மேனியும் பாய்மரம் போன்ற துடுப்பும் கொண்டு, வாயால் கல்லை உறிஞ்சிப் பற்றும் தென்னமெரிக்க மீன். கண்ணாடித் தொட்டியின் பாசியைத் துடைக்கும் என்று கடையில் விற்பார்கள். வளர்ந்து தொட்டிக்கு அடங்காமல் போனதும், கொல்ல மனமில்லாத நல்லுள்ளத்தினர் அதனை ஏரியில் விட்டுவிடுகின்றனர். கிழக்குக் கொல்கத்தாவின் மீன்வளர்ப்பு நீர்நிலைகளில் இன்று அது பெருந்தொல்லையாகியுள்ளது. நம் குடும்பங்களுக்கு வேண்டுகோள் இதுவே: வீட்டுத் தொட்டி மீனை, எத்துணைச் சிறியதாயினும், ஏரியிலோ குளத்திலோ கோயில் தெப்பத்திலோ விடாதீர்கள். ஓர் உயிருக்குக் காட்டும் அந்த இரக்கம் பல உயிர்களுக்குக் கேடாக முடியும்.

விடியற்காலையில் ஓர் எச்சரிக்கை

மீனைப் பார்க்கப் பழகியவருக்குக் குளத்தின் உடல்நிலையும் தெரியும். காற்றை உண்ணும் விராலும் கோயியும் தனித்தனியே வந்து, ஒரு வாய் வாங்கிக்கொண்டு உடனே உள்ளே போய்விடும், அது இயல்பு. ஆனால் விடியற்காலையில் கெண்டைகள் கூட்டங்கூட்டமாக மேற்பரப்பில் நின்று, வாயைத் திறந்து திறந்து மூடுமாயின், அது நோயின் அறிகுறி. வங்காளியர் இதனைக் காபி காவா என்பர். மூச்சுத் திணறுதல் என்பது பொருள்.

பகலில் பாசியும் நீர்ச்செடியும் வெயிலைக் கொண்டு உயிர்வளியை வெளியிடும். இரவில் அவையும் மீனும் எல்லாமே அதனை நுகர்கின்றன. வெளியிடுவது ஒன்றும் இல்லை. எனவே சூரியன் எழுவதற்குச் சற்று முன்னரே நீரில் உயிர்வளி மிகக் குறைந்திருக்கும். அழுகும் பூமாலையும் உணவும் குப்பையும் குளத்தில் சேர்ந்தால் அக்குறை இன்னும் பெருகும். மேகம் மூடிய நாள்கள் தொடர்ந்தாலும் இடர் வரும். இக்காட்சியைக் கண்டவர் அன்றைக்கே ஏரிக் காவலரிடம் சொன்னால் பல மீன்களின் உயிர் தப்பக்கூடும். மறுநாள் வெள்ளை வயிறுகள் மிதந்த பின்னர் சொல்லிப் பயனில்லை.

நீரையும் வெயிலையும் பாசியையும் அறிந்து நடந்தால் எத்தகைய நன்மை விளையும் என்பதற்கு நகரின் கிழக்கே ஒரு சான்று இருக்கிறது. ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்புள்ள கிழக்குக் கொல்கத்தா ஈரநிலத்தில், பேரி எனப்படும் ஆழமற்ற பெருங்குளங்களுக்கு நகரத்தின் கழிவுநீரை வாய்க்கால் வழியே விடுகின்றனர். வெயிலும் நுண்ணுயிரும் பாசியும் சேர்ந்து அக்கழிவை மீனுக்கு உணவாக மாற்றுகின்றன. ஊரின் அழுக்கும் தீர்கிறது. ஊருக்கு மீனும் கிடைக்கிறது. ஏட்டுப் படிப்பில்லாத மீனவர் தலைமுறைகளாகக் கண்டறிந்த இம்முறையை, துருபஜோதி கோஷ் என்னும் பொறியாளர் உலகுக்கு எடுத்துரைத்தார். 2002-ஆம் ஆண்டில் அது ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலகச் சிறப்புள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பெற்றது. எனினும் வீடுகளும் சாலைகளும் அதனை ஓரம் ஓரமாகக் கரைத்து வருகின்றன.

தெருக் குளங்களின் கதியும் இதுவே. குளத்தைத் தூர்ப்பதை மேற்கு வங்காளத்தின் 1984-ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டம், பின்னர் வந்த திருத்தத்தின் மூலம் தடை செய்துள்ளது. ஆனால் சட்டம் இருப்பது ஏட்டில். குளம் இருப்பது தெருவில். முதலில் குப்பை விழும். பிறகு இடிந்த செங்கல் விழும். அதன் பிறகு அங்கே குளம் இருந்ததென்பதே மறந்துபோகும். இன்ன குளத்தில் இன்ன மீன்கள் இருந்தன என்று தேதியிட்டு எழுதிய ஏடு ஒன்று தெருவில் யாரிடமேனும் இருந்தால், மறதிக்கு அது ஓரளவு தடையாகும்.

நாம் செய்யக்கூடியது

வீட்டுக்கு ஒரு குறிப்பேடு போதும். பக்கத்தை ஐந்து பத்தியாகப் பிரித்துக்கொள்க: நாள், இடம், மேற்சொன்ன ஏழு அடையாளங்கள், வங்காளப் பெயர், தமிழ்ப் பெயர். வங்காளப் பெயருக்குச் சந்தையைவிடச் சிறந்த பள்ளி வேறில்லை. மீன் நறுக்கும் அரிவாள்மணையின் முன் அமர்ந்திருக்கும் வணிகரிடம், "தாதா, எ மாச்சேர் நாம் கீ?" என்று பணிவாகக் கேட்டால், பெயரோடு அது எந்த மாதத்தில் சுவை மிகும், எந்தக் குளத்தில் வாழும் என்பதையும் சேர்த்துச் சொல்லாத வங்காளியர் அரியர். மீனைப் பற்றிக் கேட்பவனை அயலான் என்று அவர்கள் எண்ணுவதில்லை. வாங்காமல் கேட்பதற்குக் கூச்சப்படுவோர் கூட்டம் குறைந்த நேரத்தில் செல்லலாம்.

தமிழ்ப் பெயருக்கு நம் வீட்டுப் பாட்டிமார்களே நூலகம். காவிரிக் கரையிலும் தாமிரபரணிக் கரையிலும் வளர்ந்தவர்கள், வாய்க்காலில் துணியை விரித்துக் குஞ்சு பிடித்து விளையாடியவர்கள், நம்முள் இன்னும் இருக்கின்றனர். உளுவை, ஆரல், குரவை, கெளிறு என்னும் சொற்கள் அவர்கள் நாவிலே உயிரோடு இருக்கின்றன. இந்நகரில் பிறந்த குழந்தைகளுக்கு அவை வெறும் செய்யுட் சொற்களாகிவிடும் காலம் நெடுந்தொலைவில் இல்லை. பேரன் சந்தையிலிருந்து வங்காளப் பெயரும் அடையாளமும் கொண்டுவர, பாட்டி அதற்குத் தமிழ்ப் பெயர் சொல்ல, இருவரும் சேர்ந்து ஒரு வரியை நிரப்பினால், அந்த வரியில் இரண்டு ஊர்களும் இடம் பெறும்.

பொங்கல் விழாவிலோ ஆண்டு விழாவிலோ சிறுவர்கள் இக்குறிப்பேடுகளைக் கொணர்ந்து காட்டுமாறு நம் சங்கம் ஏற்பாடு செய்தல் நலம். படம் வரையத் தெரிந்தவர் படமும் வரையலாம். சில ஆண்டுகள் தொடர்ந்து சேர்ந்தால், இன்ன ஏரியில் முக்கண்ணன் இன்னும் இருக்கிறானா, இன்ன குளத்தில் புட்டி மறைந்து ஜிலேபி மட்டும் நிற்கிறதா என்பதைச் சான்றோடு கூற நம்மிடம் ஓர் ஏடு இருக்கும். ஊராட்சியினரிடம் முறையிடச் செல்பவர்க்கு வெறும் வருத்தத்தைவிட அது வலிய துணை.

மழைக்காலம் தொடங்குமுன் குறிப்பேட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் பெருமழைக்குப் பின் வரும் வாரங்களில் குளங்கள் நிரம்பி, விராலின் குஞ்சுப் பந்துகள் மேலெழும். பாசிக்கிடையே புட்டி ஆண்களின் பக்கங்களில் செம்மை ஏறும். பார்க்கத் தொடங்குவதற்கு அதைவிட ஏற்ற பருவம் இல்லை.